மாசியில் தீவாளி

பருப்பு வடை சுற்றி வந்த தாள் எண்ணெயில் ஊறியிருந்தது. புளத்கொகுபிட்டிய பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே உள்ள கடையில் வாங்கியது. வடையைத் தின்று முடித்த பிறகு தாளை மடியில் வைத்து நீவினேன். பள்ளிக்கூடத்தை விட்டு இத்தனை காலம் ஆகியும், எழுத்துள்ள தாளைப் படிக்காமல் கசக்கிப் போட எனக்கு வருவதில்லை.

ஞாயிறு பத்திரிகையின் ஒரு பக்கம் அது. அமெரிக்காவில் இருப்பவர்கள் தங்கள் சொந்த நாட்டுக்குள்ளேயே எந்த இடங்களைப் போய்ப் பார்க்க மிகவும் ஆசைப்படுகிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். மேலே ஒரு படம். செம்மண் நிறத்தில், கண்ணுக்கு எட்டிய மட்டும் வெட்டுண்டு கிடக்கும் பெரும் பள்ளத்தாக்கு. அதன் நடுவில் வடை இருந்த இடம் வட்டமாக எண்ணெய் பிடித்து, பின்பக்கத்து மோட்டார் சைக்கிள் விளம்பரம் அதன் வழியாகத் தெரிந்தது.

அந்தப் பள்ளத்தாக்கு உனக்கும் தெரியும். அதனால்தான் இதை உனக்கு எழுதுகிறேன்.

வெள்ளைக்கார மிஸ் என்று பிள்ளைகள் ஒருத்தியைக் கூப்பிட்டார்கள் அல்லவா? அமெரிக்காவிலிருந்து கித்துல்கலவுக்கு ஆற்றில் படகு விட வந்தவள். கூட வந்தவர்கள் ஊர் திரும்பிய பிறகும் தான் போகாமல், நம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தாள். அந்தப் படகுகள் ரப்பரில் செய்தவை என்று நான் சொன்னபோது, நீ சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டே, "அப்ப நம்ம வெட்டுன பாலுதான் ஆத்துல போகுது, நம்மதான் போகல" என்றாய். உன் பேச்சு எப்போதும் அப்படித்தான். வருத்தமா விளையாட்டா என்று கேட்டால் இரண்டும் இல்லை என்பாய்.

சித்திரை விடுமுறையில் தாய்மார் எல்லாரும் ஒரு ட்ரிப் போகவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டிருந்தோம். எங்கே போவது என்பதுதான் பேச்சு. நீ பேரன் சார்பில் வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தாய். மிஸ்ஸும் வந்தாள். வரும்போது தன் ஊர்ப் படங்கள் சிலவற்றைக் கொண்டு வந்திருந்தாள். பெரும் பள்ளத்தாக்கு, நிலத்திலிருந்து கொதித்துப் பீறிடும் வெந்நீர் ஊற்று, நெருப்பு மலை உள்ள தீவு, நாலைந்து பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள். எங்கள் ஆட்கள் உலகம் முழுக்கப் போவார்கள், ஆனால் எதைப் பார்க்க அதிகம் ஆசை என்று கேட்டால் பலரும் சொந்த நாட்டில் உள்ள இவற்றில் ஒன்றைத்தான் சொல்வார்கள் என்றாள். அவளுடைய அம்மா அந்தப் பள்ளத்தாக்கின் படத்தைச் சமைக்கும் குசினிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாராம். காரில் புறப்பட்டால் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தூரம்தானாம். இன்னும் போகவில்லையாம்.

பிறகு, உங்களுக்கு எங்கே போக ஆசை என்று அவள் எல்லாரையும் கேட்டாள். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"நாட்டுல எங்க போய்ப் பாக்க உங்களுக்கு ரொம்ப ஆசை?"

நானும் தோட்டத்து வரிசை வீடான அந்த லயத்தில் பிறந்தவள்தான். இருந்தும் பாடப்புத்தகத்துத் தமிழ் வாயில் ஊறிப்போயிருந்தது. வெளியூரார் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்குப் புரியவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்: நம் தோட்டத்தில் நாடு என்றால் இலங்கை இல்லை. தோட்டத்து எல்லைக்கு அப்பால் உள்ள சிங்களக் கிராமம்தான் நாடு. நாட்டுக்குப் போய் தேங்காய் வாங்கி வா என்றால், ஓயா என்னும் ஓடையைக் கடந்து கீழே உள்ள கடைக்குப் போகவேண்டும். சமூகக் கல்வி வகுப்பில் நமது நாட்டின் தலைநகரம் எது என்று நான் கேட்க, ஒரு பிள்ளை எழுந்து அந்தக் கடையின் பெயரைச் சொன்னது உண்டு. வட்டத்துக்குள் வட்டம் போட்டு, இது லயம், இது தோட்டம், இது மாவட்டம், இவ்வளவும் சேர்ந்ததுதான் நாடு என்று காட்டுவேன். பிள்ளைகள் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போனதும் நாடு பழையபடி ஓயாவுக்கு அந்தப் பக்கம் போய்விடும்.

முதலில் மருதாயிதான் வாயைத் திறந்தாள். எந்தக் கூட்டத்திலும் அவள்தானே முதல்.

"நாட்டுல என்னா இருக்கு டீச்சர் பாக்குறதுக்கு? பன்சல இருக்கு. கடை இருக்கு. அந்தக் கடக்காரன் மூஞ்சியப் பாக்கவா பஸ் புடிச்சிப் போறது?"

சிரிப்பு. இன்னொருத்தி வெசாக்குக்கு அங்கே கூடு கட்டுவது நன்றாக இருக்கும் என்றாள். மிஸ் கரும்பலகைப் பக்கம் திரும்பி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் பொறுமையாக எழுதினாள். விகாரை, கடை, வெளிச்சக் கூடு. எழுதிவிட்டு, இவர்களுக்கு எவ்வளவு சின்ன ஆசைகள் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேள்வியைத் திருப்பிக் கேட்டேன். நாடு இல்லை, இந்த முழு இலங்கையில் எங்கே?

பிறகு கூட்டம் வேறு கூட்டமாகிவிட்டது. கதிர்காமம் என்றார்கள். நல்லூர் என்றார்கள். கொழும்பில் தாமரை மாதிரி எழும்பும் கோபுரம் என்றார்கள். நுவரெலியா என்று ஒருத்தி சொல்ல, தேயிலையைப் பார்க்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து போவாயா என்று மருதாயி அவளை உட்கார வைத்தாள். கடல் பார்த்ததே இல்லை என்று பலர் சொன்னார்கள். சாமியும் வேண்டும், கடலும் வேண்டும் என்றதால் திருகோணமலை என்று முடிவானது. கோணேசர் கோயிலைக் கும்பிட்டுவிட்டு அப்படியே கீழே இறங்கினால் கடல்.

நீ மட்டும் பழைய கேள்விக்கே பதில் சொன்னாய். கேள்வி மாறிய பிறகும்.

"எனக்கு நாட்டுக்குத்தான் போகணும்" என்றாய்.

"ஏ புள்ள, ஏதண்டயத் தாண்டுனா நாடு. அதுக்கு எதுக்கு ஒனக்கு பஸ்ஸு?" என்றாள் மருதாயி.

"அதான் பஸ்ஸுல போகணும்ங்கிறேன். நடந்து போக ஏலாது."

எல்லாரும் மறுபடியும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. மிஸ் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். பக்கத்துக் கிராமம் என்றேன். அதையும் பலகையில் கடைசி வரியாக எழுதினாள்.

ஏதண்ட என்பது ஓயாவின் குறுக்கே ஒற்றை மரத்தைப் போட்டு, பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் கம்பு கட்டியிருந்த பாலம். லயத்திலிருந்து இறங்கி அதைக் கடந்தால் நாடு. அதில் முதல் வீடு உன் அக்காவுடையது. எல்லாரும் வாரத்தில் நாலு தடவை அதைக் கடந்து கடைக்குப் போய்வருவார்கள். நீ தீப்பெட்டி வாங்கக்கூட பஸ் ஏறி புளத்கொகுபிட்டிய போவாய். மருதாயி அதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள்: சீமைத் தீப்பெட்டி.

நாம் சின்னப் பெண்களாக இருந்தபோது, பால் லொறியில் வந்த ஒரு நாட்டுப் பையனோடு உன் அக்கா போனாள். உன் அப்பா அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னார். இனி இந்த வீட்டிலிருந்து யாரும் ஓயாவைத் தாண்டக் கூடாது. கோபத்தில் சொன்னது. அடுத்த வருஷமே அவரிடம் கேட்டிருந்தால் ஒருவேளை இறங்கி வந்திருப்பார். யாரும் கேட்கவில்லை. பிறகு அவர் போய்விட்டார். சொன்னவர் போனதும் சொன்னது கல்லாகிவிட்டது. இருந்தால் எதிர்த்துப் பேசலாம், சமாதானம் பண்ணலாம். இல்லாதவரிடம் எதைப் பேச?

அதனால் நீ மேலிருந்து பார்த்தாய். பால் வெட்டும் மலையின் உச்சியில் ஒரு பெரிய பாறை இருந்தது. மரங்களை வெட்டிவிட்டு, பால் சிரட்டையில் சேரும்வரை நீங்கள் எல்லாரும் அதன் மேல் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுவீர்கள். அங்கிருந்து பார்த்தால் மரங்களின் தலைக்கு மேலாக உன் அக்கா வீட்டுக் கூரை தெரியும். முதலில் ஓலை. பிறகு தகரம். பிறகு ஓடு. அவள் வாழ்க்கையை நீ கூரையாகத்தான் படித்தாய். "இப்ப ஓடு போட்டுருக்கா, கொஞ்சம் நல்லாருக்கா போல" என்று எனக்கு வந்து சொல்வாய், ஏதோ கடிதம் வந்த மாதிரி.

ஒரு நாள் அந்த வீட்டுப் பாதையில் வெள்ளைக்கொடி கட்டியிருந்தது. சாவு என்று தெரிந்தது. யார் என்று தெரியவில்லை. நீ பாறையை விட்டு எழும்பவில்லை. முற்றத்தில் நடமாடும் உருவங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். நேரத்துக்குச் சேர்க்காததால் உன் மரங்களின் பால் எல்லாம் சிரட்டையிலேயே உறைந்துபோனது. கங்காணி எல்லார் முன்னாலும் ஏசினார். அன்று பின்னேரம் என் வீட்டு வாசலில் வந்து நின்று நீ சொன்னது ஒன்றுதான். "அக்கா நடமாடுறா. அவரு போய்ட்டாரு போல." தேத்தண்ணீர் குடிக்கச் சொன்னேன். வேண்டாம் என்று போய்விட்டாய்.

அந்தச் சிவப்புத் துணியையும் இங்கே எழுதவேண்டும். அக்காவும் நீயும் சிறுமிகளாக இருந்தபோது லயத்துக்கும் ஓயாவுக்கும் இடையில் உள்ள சரிவில் ரப்பர் அப்போதுதான் நட்டிருந்தார்கள். கன்றுகள் இடுப்பு உயரம். ஓயாக் கரையில் ஆட்டுக்குப் புல் அறுக்கும் அக்காவுக்கு லயத்து வாசல் நன்றாகத் தெரியும். சோறு ஆனதும் உன் அம்மா உங்கள் வீடான மூன்றாவது வாசலின் கொடியில் ஒரு சிவப்புத் துணியைப் போடச் சொல்வார். துணியைக் கண்டால் அக்கா மேலே ஏறி வருவாள். கத்திக் கூப்பிடத் தேவையில்லை. சிவப்பு என்றால் வா என்று அர்த்தம், அவ்வளவுதான்.

அக்கா போன பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் நீ அந்தக் கொடியில் சிவப்புச் சேலை ஒன்றைக் காயப்போட்டாய். நனையாத சேலை. அடைமழை நாளில்கூட. வீட்டில் கேட்டால் வழக்கம் என்பாய். நான் கேட்டபோது மட்டும், "அவளுக்குத் தெரியும்" என்றாய். அவள் வரவில்லை. அடுத்த தீபாவளிக்கும் வரவில்லை. துணியைப் பார்த்துவிட்டும் வராதவள் என்று உனக்குள் ஒரு கணக்கு முடிந்துவிட்டது. ஆனாலும் சேலையைப் போடுவதை நிறுத்தவில்லை.

ட்ரிப்புக்கு வருவாயா என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. வந்தாய். ஜன்னலோரம் உட்கார்ந்து குருநாகல்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாய். பின் ஆசனத்தில் தட்டு ஒன்றைத் தட்டிக்கொண்டு பாட்டுப் போட்டார்கள். மருதாயிக்கு ஹபரணைக் காட்டில் யானை தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியவில்லை. மாடு என்று நீ சொன்னாய், பஸ்ஸே சிரித்தது.

கோயிலுக்குப் போய்விட்டுக் கடற்கரைக்கு வந்தோம். எல்லாரும் சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு அலைக்கு முன்னால் ஓடினார்கள். நீ கணுக்கால் நனையும் அளவுக்கு மட்டும் இறங்கினாய். பிறகு கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். கரையைப் பார்த்து, தென்னைகளைப் பார்த்து, நிறுத்தி வைத்திருந்த நம் பஸ்ஸைப் பார்த்து.

நான் பக்கத்தில் வந்து, கடல் அந்தப் பக்கம் இருக்கிறது என்றேன்.

"தெரியும் புள்ள. இங்கருந்து பாத்தா நம்ம எப்படித் தெரியுறோம்னு பாக்குறேன்."

கூட்டத்தில் நான் உனக்கு டீச்சர். தனியே இருந்தால் புள்ள. எத்தனையோ காலமாக அந்த வேலியை நீ ஒரு நாளும் மாற்றிக் கட்டியதில்லை.

திரும்பி வரும் வழியில் மாவனெல்லையிலேயே மழை பிடித்துக்கொண்டது. சித்திரை மழைக்குச் சொல்லவா வேண்டும்? நம் தோட்டத்துப் பாதை பிரியும் இடத்துக்கு வரும்போது, மோட்டார் சைக்கிளில் நனைந்து வந்த ஒருவர் கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தினார். ட்ரைவர் மல்லி இறங்கிப்போய்ப் பேசிவிட்டு வந்தான். சிங்களப் பையன், ஆனால் நம் ஆட்களை ஏற்றி இறக்கித் தமிழ் நன்றாகப் பேசுவான்.

"பார வஹலா டீச்சர். மண்ணு சரிஞ்சிருக்கு, பஸ் போக ஏலாது. நான் சுத்திக்கிட்டு நாட்டுப் பக்கத்தால கொண்டுபோய் எறக்குறேன். நீங்க ஏதண்டயால கடந்து ஏறிடுங்க."

நான் திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். கண்ணாடியில் தண்ணீர் வழிந்ததால் பார்க்க எதுவும் இல்லை.

கிராமத்துப் பாதை முடியும் இடத்தில் பஸ் நின்றது. அதற்கு மேல் பாதை இல்லை, ஓயாதான். உன் அக்கா வீடு பஸ்ஸின் படியிலிருந்து எட்டி நடக்கும் தூரத்தில் இருந்தது. மேலிருந்து நீ பார்த்த அந்த ஓட்டுக் கூரை, கீழிருந்து பார்க்கச் சாதாரணமாக, கொஞ்சம் பாசி பிடித்திருந்தது. குடையோடு ஓர் அம்மாள் வெளியே வந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. சிங்களத்தில் தொடங்கி, நம்மைக் கண்டதும் தமிழுக்கு மாறினாள். பழக்கமில்லாத தமிழ், வார்த்தைகளைத் தேடித் தேடி வந்தது.

"இப்ப கடக்க ஏலாது. ஏதண்டக்கு மேலால வதுர... தண்ணி போகுது. கொறயும் மட்டும் வந்து இருங்க."

பெண்கள் எல்லாரும் இஸ்தோப்புத் திண்ணையில் ஏறி ஒடுங்கினார்கள். நீ பஸ்ஸில் இருந்தாய். பைகளை யார் பார்த்துக்கொள்வது என்றாய். ட்ரைவர் மல்லி, பாதை நனைந்து புதைய முன்னால் பஸ்ஸைத் திருப்பவேண்டும், இறங்குங்க அக்கா என்றான். நீ இறங்கி, வாசலில் நின்ற பலா மரத்துக்குக் கீழே குடையோடு நின்றாய். உள்ளே ப்ளேன்டீ வந்தது, கித்துல் கருப்பட்டித் துண்டோடு. புது வருஷத்துக்குச் சுட்ட கவும், கொக்கிஸ் பலகாரங்கள் தகர டப்பாவிலிருந்து வந்தன. மருதாயி ஒரு கொக்கிஸை வாயில் வைத்துக்கொண்டே கடலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று உன் அக்கா கேட்டதற்குத்தான். திருகோணமலை, கோயில், அலை, யானை எல்லாவற்றையும் சொன்னாள்.

உன் அக்கா கேட்டுக்கொண்டே ஆட்களை எண்ணி டம்ளர் வைத்தாள். ஒரு டம்ளர் மிச்சம் வந்தது. அவள் நிமிர்ந்து வெளியே பார்த்தாள்.

"அது யாரு, மழையில நிக்கிறது?"

மருதாயி கொக்கிஸைக் கீழே வைத்தாள். நீதான் சொன்னாய், இருந்த இடத்திலிருந்தே, யாரோ வழி கேட்டதற்குப் பதில் சொல்வது போல.

"நான் திருகோணமலைக்குப் போகல. நாட்டுக்கு வந்தேன்."

உன் அக்கா டம்ளரை வைத்துவிட்டுப் படியில் இறங்கினாள். செருப்புப் போடவில்லை. தங்கச்சி என்ற வார்த்தை அவள் வாயில் முதலில் தமிழில் வரவில்லை.

"நங்கி" என்றாள். பிறகு, "வந்தா உள்ள வரணும்."

எனக்கு நாட்டுப் பேரு வச்சிட்டா என்று நீ பிறகு பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாய். அந்த நேரத்தில் சிரிக்கவில்லை. குடையைச் சுருக்கி, தண்ணீரை உதறி, பலா மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனாய். குடையை அங்கே மறந்துவிட்டே அன்று வீடு திரும்பினாய்.

நீங்கள் இருவரும் என்ன பேசினீர்கள் என்று கேட்பவர்களுக்கு நான் உண்மையைத்தான் சொல்வேன்: அதிகம் இல்லை. அவள் பிள்ளைகளின் பெயர், உன் பேரனின் வயசு, அம்மா கடைசியில் எப்படி இருந்தார் என்பது. மழை குறைந்ததும் நீ எழுந்து அந்த வீட்டின் பின்பக்கம் போனாய். நானும் வந்தேன். இருட்ட இன்னும் நேரம் இருந்தது. நீ மலைச் சரிவை அண்ணாந்து பார்த்தாய். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார்த்தாய்.

"அக்கா, நம்ம லயம் எங்க?"

"தெரியாது. ரப்பரு மறைக்குதுதானே."

அங்கிருந்து பார்த்தால் பச்சை இலை மட்டும்தான். அன்று இடுப்பு உயரம் நின்ற கன்றுகள் வளர்ந்து, லயத்தையே மூடியிருந்தன. உன் மலைப் பாறையிலிருந்து மரங்களுக்கு மேலாகப் பார்க்கலாம். கீழே இருப்பவளுக்கு அந்த வசதி இல்லை. பாடத்தில் நான் இதற்கு ஓர் உதாரணம் சொல்வதுண்டு. விளக்கு எரியும் அறைக்குள் நிற்பவரை வெளியே இருட்டில் நிற்பவர் நன்றாகப் பார்ப்பார். உள்ளே நிற்பவருக்கு ஜன்னலில் தன் முகம்தான் தெரியும். ஒரு பக்கத்திலிருந்து தெரிந்தால் மற்றப் பக்கத்திலிருந்தும் தெரியும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். பெரியவர்களும் நினைப்பார்கள். எத்தனை தடவை அந்த உதாரணத்தைச் சொல்லியிருப்பேன். உன் சேலைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்கும் தோன்றியதில்லை. நானும் மேலிருந்து கீழே பார்த்தவள்தானே.

"தீவாளிக்கு தீவாளி செவப்பு சேல போடுவேனே" என்றாய்.

"எந்தச் சேல?"

நீ மலைப் பக்கம் கையைக் காட்டினாய். உன் அக்கா உன்னையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தாள். நீ எதைச் சொல்கிறாய் என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. புரிந்ததும் அவள் பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"எலை கொட்டுறப்ப மட்டும் லயம் தெரியும்" என்றாள். "மாசியில. மரமெல்லாம் மொட்டையா நிக்கும்தானே, அப்ப மூணாவது வாசல் நல்லாத் தெரியும். நான் இந்தக் கல்லுல வந்து இருந்து பாப்பேன். நீ கூட்டுறது, செடிக்குத் தண்ணி ஊத்துறது எல்லாம் தெரியும். கொடியையும் பாப்பேன். செவப்பு இல்ல."

"மாசியில ஏதுக்கா தீவாளி" என்றாய் நீ.

அதற்குத்தான் நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். இஸ்தோப்பில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு. சிரித்து முடித்ததும் அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நீ உன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாய், அதில் ஏதோ எழுதியிருப்பதைப் போல. தண்ணீர் இறங்கிவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். ஒவ்வொருவராகக் கம்பைப் பிடித்துக்கொண்டு ஏதண்டயைக் கடந்தோம். நடுவில் வந்ததும் நீ நின்று, இரண்டு கரையையும் பார்த்தாய். பின்னால் வந்த மருதாயி, "நின்னு வேடிக்க பாக்குற எடமாடி இது" என்று திட்டினாள்.

அதன் பிறகு நீங்கள் அடிக்கடி போய்வந்தீர்கள் என்று எழுதத்தான் ஆசை. அப்படி இல்லை. உனக்கு முழங்கால், அவளுக்குச் சீனி வருத்தம். ஏதண்ட நனைந்தால் வழுக்கும். கேகாலை ஆஸ்பத்திரியின் கிளினிக் நாளில் சந்தித்துக்கொண்டீர்கள். ஒரு கல்யாணத்துக்கு அவள் மகன் வந்து வெற்றிலை வைத்து அழைத்தான், போனாய். அவ்வளவுதான். இழந்த காலத்தை இழுத்துப் பிடிக்க நீங்கள் இருவரும் பாடுபடவில்லை. எனக்கு அது அப்போது குறையாகப் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

ஆனால் மாசி வந்து ரப்பர் இலை சிவந்து உதிரத் தொடங்கியதும், மூன்றாவது வாசலின் கொடியில் சேலை ஏறிவிடும். உன் பேரன் பள்ளிக்கூடத்தில் பண்டிகைகளை எழுதச் சொன்னால் தீபாவளியை இரண்டு தடவை எழுதுவான். இவளுக்கு மட்டும் மாசியில் தீவாளி என்று லயமே உன்னைக் கேலி பண்ணியது. நீ சேலையை இழுத்துச் சுருக்கம் எடுத்துக்கொண்டே, "ஒங்களுக்கு ஒண்ணுதான், எனக்கு ரெண்டு" என்றாய்.

கார்த்திகை மழையில் நீ போனாய். அதைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. வருத்தம் வந்தது, ஒரு கிழமை படுத்தாய், போனாய். ஒன்றை மட்டும் நீ பார்த்திருக்க முடியாது, அதனால் சொல்கிறேன். நம் பையன்கள் லயத்திலிருந்து கீழே வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு இறங்கினார்கள். உன் அக்காவின் மகன்கள் நாட்டிலிருந்து மேலே கட்டிக்கொண்டு வந்தார்கள். யாரும் பேசி வைத்துச் செய்யவில்லை. இரண்டு கயிறும் ஏதண்டயில் சந்தித்தன. எந்தப் பக்கத்துச் சாவு என்று வழிப்போக்கர் ஒருவர் கேட்டாராம்.

மிஸ்ஸின் அம்மா அந்தப் பள்ளத்தாக்கைப் போய்ப் பார்த்தாரா என்று தெரியவில்லை. அவளிடமிருந்து பிறகு செய்தி இல்லை. இந்தத் தாளில் அதற்குப் போகும் வழி, நல்ல பருவம் எல்லாம் போட்டிருக்கிறார்கள். எங்கே நின்று பார்த்தால் முழுதும் தெரியும் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் என்ன தெரியும் என்று எழுதவில்லை. உன்னோடு கடலுக்குப் போய்வந்த பிறகு எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்த இடத்துக்குப் போனாலும், போன வேலையைத் தொடங்கும் முன், வந்த பக்கத்தைத் திரும்பி ஒரு தடவை பார்ப்பேன். வங்கிக்குப் போனாலும் அப்படித்தான். பின்னால் வருபவர்கள் முட்டிக்கொள்கிறார்கள்.

போன கிழமை உன் அக்கா எனக்கு ஃபோன் எடுத்தாள். இலை கொட்டத் தொடங்கி நாலைந்து நாள் ஆகியிருந்தது.

"லயம் தெரியுது டீச்சர்" என்றாள்.

உன் மருமகளிடம் சொல்லிச் சேலையைப் போடச் சொல்லவா என்று கேட்டேன்.

"சேல வேணாம். யாராச்சும் வந்து அந்த வாசல்ல நின்னா போதும்."

நான் மலையேறி உன் லயத்துக்குப் போனேன். உன் மருமகள் வேலைக்குப் போயிருந்தாள். மூன்றாவது வாசல் பூட்டியிருந்தது. பாதையெங்கும் சருகு. படியைக் கூட்டிவிட்டு, கொடிக்குப் பக்கத்தில், நாட்டைப் பார்த்தபடி நின்றேன். மொட்டை மரங்களுக்கு நடுவே அந்த ஓட்டுக் கூரை தெரிந்தது. கல் தெரிந்தது. கல்லில் யாரோ இருப்பது மாதிரியும் இருந்தது, என் கண்ணுக்கு அவ்வளவு தூரம் நிச்சயமில்லை. கையைத் தூக்கிக் காட்டவேண்டுமா என்று யோசித்தேன். நீ ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. அதனால் வாளியில் கிடந்த தண்ணீரை எடுத்து, நீ ஊற்றுவது போலவே, வாசல் செவ்வரத்தைச் செடிக்கு ஊற்றினேன்.